கடைத் தேங்காயும் பாட்டியின் பாட்டும்



ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து, கோயில் விளக்குகளை அணைத்துவிட்டு நாம் இல்லம் திரும்பிய வேளையில், நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வாசற்படியில் காத்து நின்றான். கடலூர் முதுநகரிலிருந்து நாள்தோறும் இரயிலேறிச் சிதம்பரம் சென்று, அங்குள்ள கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் பயில்பவன். தோளில் மடிக்கணினிப் பை தொங்கியது.

"பாதர், 14 நிமிடம் எனக்காக ஒதுக்க வேண்டும்" என்றான்.

பதினான்கு நிமிடம் பேசுவதற்கன்று. தான் எடுத்த குறும்படத்தைக் காட்டுவதற்கு. இறுதியாண்டுப் பயிற்சிக்காக அவன் எடுத்த படம் அது. கதை எளியது. பேரன் படிக்கப் போகும் அதே வண்டியில் அவன் பாட்டி மீன் விற்கப் போகிறார். விடியுமுன் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிறார். கூடையில் மீனும் பனிக்கட்டியும் நிரப்புகிறார். வண்டியேறி, கதவோரம் கூடையை அணைத்தபடி அமர்கிறார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்கள் கடந்து போகின்றன. வெளியே உப்பங்கழி விரிகிறது. அப்போது பாட்டி தமக்குத் தாமே ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். 1960-களில் வெளிவந்த திரைப்பாட்டு அது. அவர் முணுமுணுப்பினூடே மூலப் பாடலின் இசை மெல்ல எழுந்து வண்டியோசையை விழுங்கிவிடுகிறது. முழுதாக ஒன்றரை நிமிடம் அந்தப் பாட்டும் அந்த முகமும் மட்டுமே திரையில் நிற்கின்றன.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், நமக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மூதாட்டியை ஆண்டுக் கணக்கில் கோயிலின் மூன்றாம் வரிசையில் பார்த்திருக்கிறோம். ஆயினும் அன்றுதான் அவரைக் கண்டோம் என்று தோன்றிற்று.

பையன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பங்குத் திருவிழாவில் இதைத் திரையிட வேண்டும், குறும்பட விழாக்களுக்கு அனுப்ப வேண்டும், பின் யூடியூபில் எல்லாரும் காண ஏற்ற வேண்டும் என்று தன் ஆசைகளை அடுக்கினான். நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்.

"தம்பி, அந்தப் பாட்டு யாருடையது?"

"எங்கள் பாட்டியுடையதுதான் பாதர். அவர் எப்போதும் அதைத்தான் பாடுவார்."

நாம் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்போடு முடியவில்லை. அதன் பின் நான்கு மாதம் நம்மையும் அவனையும் அலைக்கழித்த அந்தக் கேள்வியைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விரும்புகிறோம். ஏனெனில் இன்று கைப்பேசி இல்லாத வீடில்லை. கைப்பேசியுள்ள வீட்டில் படமெடுக்காத பிள்ளையும் இல்லை.

பையன் தன் பக்கத்து நியாயங்களை எடுத்துவைத்தான். நான் மாணவன், இதில் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை என்றான். முழுப் பாட்டையும் எடுக்கவில்லை, சிறு பகுதிதான் என்றான். படத்தின் இறுதியில் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களையெல்லாம் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன் என்றான். கடைசியாக, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான்.

இந்த நான்கையும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வாயிலும் கேட்கலாம். ஆகவே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கடைசி நியாயத்துக்கு விடை தேவையில்லை. எல்லாரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடுமானால் மனச்சான்று என்ற ஒன்றுக்கு வேலையே இல்லை. பெயர் போட்டு நன்றி சொல்வது நல்ல பண்பு. ஆனால் அது அனுமதி ஆகாது. அடுத்த வீட்டுக்காரரின் மிதிவண்டியை எடுத்துச் சென்றுவிட்டு, அதன் மீது அவர் பெயரை எழுதி ஒட்டினால் அவர் மனம் ஆறுமா? சிறு பகுதி என்பதும் அவ்வாறே. 10 வினாடி வரை எடுக்கலாம், 30 வினாடி வரை குற்றமில்லை என்றெல்லாம் மாணவரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி வினாடிக் கணக்கு எதுவும் இல்லை. பாட்டின் உயிரான ஓர் அடியை எடுத்தாலும் பாட்டை எடுத்ததாகவே கொள்ள இடமுண்டு.

மாணவன் என்ற முதல் நியாயத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கல்லால் ஆன நெஞ்சம் கொண்டதன்று. அதன் 52-ஆம் பிரிவு சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறல் ஆகாது. கல்விக்கூடத்தின் நிகழ்ச்சியில், ஆசிரியர், மாணவர், பெற்றோர், காப்பாளர், அக்கூடத்தோடு தொடர்புடையோர் ஆகியோர் மட்டுமே அவையில் இருக்கும்போது ஒரு படத்தையோ ஒலிப்பதிவையோ நிகழ்த்திக் காட்டுவதும் குற்றமாகாது. சமயச் சடங்குகளுக்கும் இச்சலுகை உண்டு. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அவற்றில் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர் திரைப்பாட்டு வாசித்தால் மாப்பிள்ளை வீட்டார் அஞ்ச வேண்டியதில்லை!

எனவே வகுப்பறைக்குள் அந்தப் படம் இருக்கும்வரை பையனுக்கு இடரில்லை. ஆனால் அவன் ஆசை வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. விழாவுக்கு அனுப்பிய அன்றே, இணையத்தில் ஏற்றிய அன்றே, அது பயிற்சித்தாள் என்ற நிலை கடந்து உலகத்தார் முன் வைக்கப்பட்ட படைப்பாகிறது. அந்த வாசலில் அனுமதிச் சீட்டு வேண்டும்.

"சரி பாதர், அனுமதி கேட்டுவிடுகிறேன். யாரிடம் கேட்பது?" என்றான்.

இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். ஒரு பாட்டுக்கு உரிமையாளர் ஒருவர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அப்படியன்று. முதுநகர்க் கடற்கரையில் வளர்ந்த பையனுக்கு அதைப் புரிய வைப்பது எளிதாயிற்று. கரைக்கு வந்த படகில் மீன் ஒரே குவியலாகத்தான் கிடக்கிறது. ஆனால் அதில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆட்களுக்கு ஒரு பங்கு உண்டு. படகுக்காரரிடம் மட்டும் பணம் கொடுத்துவிட்டு மீனை அள்ளிக்கொண்டு போனால், மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

பாட்டும் அப்படித்தான். சொல்லுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என்று மூன்றாகச் சட்டம் பிரிக்கிறது. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவர் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. எடுத்துக்காட்டாக, 1962-இல் வெளிவந்த ஒரு பாட்டுக்குக் கண்ணதாசன் சொல்லும் எம். எஸ். விசுவநாதன் மெட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவின் உரிமைக்காலம் 2022 இறுதியில் முடிந்துவிடுகிறது. ஆனால் கவிஞர் மறைந்தது 1981-இல். ஆகவே சொல்லுரிமை 2041 இறுதிவரை உண்டு. மெல்லிசை மன்னர் மறைந்தது 2015-இல். மெட்டின் உரிமை 2075 வரை நிற்கும். பழைய பாட்டுத்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்பது எத்துணைப் பிழையான எண்ணம் பாருங்கள்!

இவ்வுரிமைகள் படைத்தவரிடமே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. திரைப்படத் தயாரிப்பாளரிடமோ இசைத்தட்டு நிறுவனத்திடமோ கைமாறியிருக்கலாம். படத்துக்காக எழுதிய பாட்டும் இசையும் பொதுவாகத் தயாரிப்பாளருக்கே உரியன என்ற கருத்தை 1977-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பின் நெடுங்காலம் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ஒருமுறை கூலி பெற்றதோடு நின்றனர். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், படத்துக்கு வெளியே பாட்டு ஈட்டும் வருவாயில் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பங்கு உறுதி செய்யப்பட்டது. உழைத்தவனின் கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோமே, அது வயல் கூலிக்கு மட்டும் பொருந்துவதன்று.

பெரிய நிறுவனங்களே இப்பங்குக் கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் தமிழகத்திலும் பெருவெற்றி பெற்றது நினைவிருக்கும். 1991-இல் வந்த 'குணா' படப் பாட்டு ஒன்று அதில் உயிர்நாடியாக ஒலித்தது. இசைஞானி இளையராஜா தம் அனுமதி பெறவில்லை என்று வழக்கறிஞர் வழியே அறிவிக்கை அனுப்பினார். இசையுரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் முறையாக அனுமதி பெற்றோம் என்று படக்குழுவினர் கூறினர். இதற்கு முன்பே, 2017-இல், அமெரிக்க நாட்டு மேடைகளில் தம் பாடல்களைப் பாடுவது குறித்து எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே அவர் அறிவிக்கை அனுப்பியபோது, தமிழுலகமே இரு கட்சியாகப் பிரிந்து நின்று வாதாடியது. எப்பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அதற்கு நீதிமன்றங்கள் உள. நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்: கேட்டவர்களுக்கே இவ்வளவு சிக்கல் என்றால், கேளாதவர் நிலை என்ன?

இந்த வழக்கு இன்று நேற்று முளைத்ததன்று. நம் கடலூர் மண்ணுக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1918 நவம்பரில், புதுச்சேரியில் பத்தாண்டு அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் எல்லை கடந்து வந்தபோது கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் நடுவில் விடுதலையானார். 1921-இல் வறுமையிலேயே மறைந்தார். வாழ்ந்த நாளில் அச்சிடப் பணம் கிட்டாத அவருடைய பாடல்கள், இறந்த பின் விலைமதிப்புள்ள சரக்காயின. ஒலிப்பதிவு உரிமை கைமாறிக் கைமாறிப் படஅதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் அப்பாடல்கள் ஒலித்து நாட்டையே கவர்ந்தன. மறு ஆண்டில், டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம் பெற்றபோது, உரிமை எம்முடையது என்று ஏ. வி. எம். தரப்பிலிருந்து அறிவிக்கை வந்தது.

பாரதி பாட்டுக்கு ஒருவர் சொந்தக்காரரா என்று நாடே கொதித்தது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் இயக்கம் நடத்தினர். அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். 1949-இல் அரசு அந்த உரிமைகளைத் தன்பால் பெற்றது. செட்டியார் தம் உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கப்பட்டது. பின்னர் அப்பாடல்கள் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. இன்று பாரதி பாட்டை யார் வேண்டுமானாலும் படத்தில் வைக்கலாம், யாரும் கேளார்.

இந்நிகழ்ச்சியை நாம் பையனுக்கு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாம் விரும்பும் பாட்டு நமக்குச் சொந்தம் என்ற உணர்வு தவறன்று. மக்கள் நெஞ்சில் குடியேறிய பாட்டு ஒரு வகையில் மக்களுடையதுதான். ஆனால் அன்று தமிழ் மக்கள் அதைப் பறித்துக்கொள்ளவில்லை. கேட்டார்கள்; விதவையான செல்லம்மாளிடமும் போய்ச் சம்மதம் கேட்டார்கள்; குடும்பத்துக்கு உரியதைக் கொடுத்தார்கள்; அதன் பின்னே பாட்டு விடுதலையாயிற்று.

பையன் கடிதம் எழுத உட்கார்ந்தான். முதல் கடிதம் ஒரே வரி: "தங்கள் பாடலைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்." இப்படி எழுதினால் யாரும் பதில் எழுதார். நாம் இருவரும் சேர்ந்து திருத்தினோம். தான் யார், எந்த வகுப்பு, படத்தின் கதை என்ன, எவ்வளவு நீளம், பாட்டில் எந்தப் பகுதி, எத்தனை வினாடி, படத்தின் எந்த இடத்தில் வருகிறது, எங்கெங்கே காட்டப் போகிறான், எத்தனை ஆண்டுக்கு, கட்டணம் வாங்குகிறானா இல்லையா, அவனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பன எல்லாம் ஒரே பக்கத்தில் வந்தன. கல்லூரியின் சான்றும் இணைக்கப்பட்டது. முழு உரிமை தர இயலாவிடில், ஓராண்டுக்கு விழாக்களில் மட்டும் காட்ட அனுமதி தந்தாலும் போதும் என்று ஒரு வரி சேர்த்தோம். ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு ஒன்று, சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமையுடையோருக்குத் தனித்தனியே ஒவ்வொன்று என்று கடிதங்கள் புறப்பட்டன.

ஐந்து வாரம் கழித்து ஓரிடத்திலிருந்து பதில் வந்தது. அவர்கள் கேட்ட தொகை, அவன் படம் முழுவதற்கும் செலவிட்டதைப் போலப் பன்மடங்கு. மற்றோரிடத்திலிருந்து பதிலே இல்லை. மீண்டும் எழுதினான், தொலைபேசியில் அழைத்தான், பொறுப்பாளர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள்.

"பதில் சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா பாதர்?" என்று கேட்டான்.

ஆகாது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். பதிப்புரிமையில் அனுமதி எழுத்திலேயே இருக்க வேண்டும். அதே போல, யூடியூபில் ஏற்றிய பின் யாரும் தடுக்கவில்லை என்பதும் அனுமதி ஆகாது. அங்கே பாட்டை இயந்திரமே கேட்டு அடையாளம் கண்டு, உரிமையாளருக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு 2007 முதல் இருக்கிறது. உரிமையாளர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். வரும் விளம்பர வருவாயைத் தாம் எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் படத்தையே மறைக்கவும் செய்யலாம். வேண்டுமென்றே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை தண்டமும் சட்டத்தில் உண்டு. ஆதாய நோக்கமின்றிச் செய்ததாயின் நீதிமன்றம் குறைக்கலாம். ஒரு மாணவனை அவ்வளவு தூரம் யாரும் இழுக்கமாட்டார்கள் என்பது மெய்யாக இருக்கலாம். பிடிபடமாட்டோம் என்பது நேர்மைக்கு அடிப்படையாகுமா?

அன்று மாலை அவனுக்குப் பொறுமை போயிற்று. கோபத்தோடு ஒன்று சொன்னான். நம்மை அது தைத்தது.

"பாதர், நம் பாடற்குழு வெளியிட்ட குறுந்தகட்டில் மாதாவுக்குப் பாடிய இரண்டு பாட்டு சினிமா மெட்டுத்தானே? அதற்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?"

நமக்கு வாயடைத்துப்போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், கோயில் கூரை சீரமைப்பு நிதிக்காக வெளியிட்டது அந்தக் குறுந்தகடு. எட்டுப் பாடல்களில் இரண்டு, எல்லாருக்கும் தெரிந்த திரைமெட்டில் பக்திச் சொற்களை ஏற்றியவை. நாமே முன்னுரை எழுதினோம். நாமே பீடத்திலிருந்து அறிவித்து விற்றோம். இணையத்திலும் அது இருந்தது. கடவுளுக்காகத்தானே, கோயிலுக்காகத்தானே என்ற எண்ணத்தில் கேள்வியே எழவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று நம் ஊரில் சொல்வார்கள். தேங்காய் கடைக்காரருடையது, புண்ணியம் நம்முடையது!

திரும்பிச் சட்டத்தைப் பார்த்தோம். வழிபாட்டில் பாடுவதற்குச் சலுகை உண்டு. தொழில்முறை அல்லாத ஒரு குழு, கட்டணமில்லாத அவையிலோ சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ பாடுவதற்கும் சலுகை உண்டு. ஆனால் அதைப் பதிவு செய்து விற்பதற்கு அச்சலுகை நீளவில்லை. மாணவனுக்கு ஒரு நியாயம், பங்குக் குருவுக்கு ஒரு நியாயமா? அவன் முன்னிலையிலேயே தவற்றை ஒப்புக்கொண்டோம். இணையத்திலிருந்து அப்பாடல்களை நீக்கச் செய்தோம். மீந்திருந்த தகடுகளைக் கட்டி வைத்தோம். உரிமையாளர்களுக்கு நடந்ததை எழுதினோம். ஒரு மெட்டுக்கு உரியவர் பதில் எழுதிக் கேட்ட சிறு தொகையைப் பாடற்குழுவினரும் நாமும் பகிர்ந்து செலுத்தினோம். மற்றதற்கு இதுவரை பதில் இல்லை. அந்தப் பாட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து இதை அறிவித்தபோது நம் குரல் சற்று நடுங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் படத்தின் கதை. விழாவுக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. வேறு வழியின்றிப் பையன் பாட்டியிடம் போய், உங்கள் பாட்டை எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னான். ஒலிப்பதிவை மட்டும் நீக்கிவிட்டு முணுமுணுப்பை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பாட்டி வாயில் வந்தாலும் சொல்லும் மெட்டும் பிறருடையனவே. அவர் வருந்துவார் என்று அஞ்சியே அவன் அதுவரை சொல்லாமல் இருந்தான். நாமும் உடன் சென்றிருந்தோம்.

பாட்டி வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "அவங்க பாட்டுதான சாமி? அவங்க குடுக்கலன்னா வேணாம். ஏலத்துல எடுக்காத மீன கூடையில போடலாமா?" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்கம்மா பாடுன தாலாட்டு ஒண்ணு இருக்குது. அதுக்கு யாரும் காசு கேக்க வரமாட்டாங்க" என்று சொல்லிப் பாடத் தொடங்கினார். யார் கட்டினார் என்று தெரியாத, தலைமுறை தலைமுறையாகக் கடற்கரைத் தாய்மார் பாடிவந்த பாட்டு. அப்படிப்பட்ட நாட்டுப் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை.

ஆனால் கதை அங்கும் முடியவில்லை. "தம்பி, பாட்டியிடமும் எழுதி வாங்கு" என்றோம். பாட்டுக்கு உரிமையாளர் இல்லாமற் போனாலும், பாடும் குரலுக்கு உரிமை உண்டு. நிகழ்த்துக் கலைஞரின் உரிமை என்று 38-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. பேரன் தாளில் எழுதினான். பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார். கட்டணம் என்ன என்று கேட்டதற்கு, "மாசம் ஒரு கவுளி வெத்தல" என்றார். இன்றுவரை அது தவறாமல் போகிறது என்று கேள்வி. சிதம்பரத்தில் இசை பயிலும் அவன் தோழன் ஒருவன் அத்தாலாட்டுக்குப் புல்லாங்குழல் வாசித்தான். அவனோடும் தாள் எழுதப்பட்டது; நட்புக்குத் தாள் எதற்கு என்று இருவரும் முதலில் நகைத்தாலும் எழுதிக்கொண்டார்கள்.

படம் முன்னிலும் சிறந்துவிட்டது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நமக்கு ஆசைதான். ஆனால் அது முழு உண்மையன்று. அந்தப் பழைய இசை எழும்பிய ஒன்றரை நிமிடத்தின் மயக்கம் போய்விட்டது; பையனுக்கு இன்னமும் அதில் ஏக்கம் உண்டு. அதற்கு ஈடாக வேறொன்று வந்தது. வண்டி கிள்ளையைக் கடக்கும்போது அந்த மூதாட்டியின் கரகரத்த குரலைக் கேட்கிறோம். பங்குத் திருவிழாவில் திரையிட்டபோது மூன்றாம் வரிசையில் அமர்ந்து தம் குரலைத் தாமே கேட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. படம் எடுத்து முடித்த பின் பாட்டைத் தேடாதீர்கள். பாட்டின் மேல் ஆசை வைத்துக் காட்சியை வெட்டி ஒட்டிய பின் அதைப் பிரிவது கடினம். தொடங்கும்போதே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், பங்குதாரர் அனைவரையும் கேளுங்கள். கிடைக்காவிடில் வேறு வழிகள் உள. மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்கத் தமிழர், 1889-இல் மறைந்தவர், அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளின் உரிமைக்காலம் முடிந்து நெடுங்காலமாயிற்று. நந்தனார் சரித்திரம் பாடித் தில்லையை நம் நெஞ்சில் நிறுத்திய கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளும் அவ்வாறே. உங்கள் தோழர்களைக் கொண்டு புதிதாகப் பாடுவித்துப் பதியலாம்; பிறர் பதிந்து வெளியிட்டதை எடுக்கும்போதுதான் கேட்க வேண்டும். உங்கள் ஊரிலேயே இசை கற்கும் பிள்ளைகள் வாய்ப்புத் தேடிக் காத்திருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு புதுப்பாட்டே செய்யலாம்.

பாட்டுரிமை வைத்திருப்போர் கண்ணில் இவ்வெழுத்துப் படுமாயின், அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேளாமல் எடுக்கிறார்கள் என்று குறை கூறுகிறீர்கள்; நியாயமே. கேட்டு வருகிறவனுக்கு ஒரு வரிப் பதிலாவது எழுதுங்கள். மாணவருக்கென்று எளிய கட்டணம் ஒன்றை வெளிப்படையாக வையுங்கள். வாசலில் நின்று அழைப்பவனுக்குக் குரல் கொடுக்காத வீட்டில், அடுத்து வருபவன் சுவரேறிக் குதிக்க எண்ணினால் பழி முழுதும் அவனுடையதாகுமா?

சென்ற வாரம் பையன் மறுபடியும் வாசலில் நின்றான். பிச்சாவரம் பக்கம் கழியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களைப் பற்றி அடுத்த படம் எடுக்கப் போகிறானாம். இம்முறை கையில் மடிக்கணினி இல்லை. ஒரு தாள்தான் இருந்தது.

"பாதர், படம் இன்னும் தொடங்கவில்லை. முதலில் இந்தக் கடிதத்தைத் திருத்திக் கொடுங்கள்" என்றான்.